பிஸ்டன் கீறிய பழைய சங்கிலி ரம்பம்: புதிய சிலிண்டர் வாங்குவதா, முதலில் காரணத்தைத் தேடுவதா?

மரத்தூள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நண்பர் ஒருவரின் கொட்டகையில் பல ஆண்டுகளாகத் தூசி படிந்து கிடந்த, ஏறத்தாழ 60 சிசி கொள்ளளவுள்ள பழைய சங்கிலி ரம்பம் ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. எந்தத் தயாரிப்பு என்பதை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் இந்த இழை மூன்றாவது பதிவிலேயே எந்த நிறத்து ரம்பம் உயர்ந்தது என்ற சண்டையாகிவிடும். கயிற்றை இழுத்தால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் அழுத்தம் என்று சொல்ல எதுவும் இல்லை. கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து ரம்பத்தைத் தொங்கவிட்டால், ஒரு நொடிகூட நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. அளவி வைத்துப் பார்த்தபோது முள் 75 பிஎஸ்ஐயைத் தாண்டவில்லை.

சைலன்சரைக் கழற்றிவிட்டுப் புகை வெளியேறும் வாய் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனின் அந்தப் பக்கம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறியிருக்கிறது; ரிங் ஓரிடத்தில் உருகிய அலுமினியம் பூசிக்கொண்டு தன் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிக் கிடக்கிறது. சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த மாற்றுத் தொகுப்பு கிடைக்கிறது. அதை வாங்கிப் பூட்டி, கார்புரேட்டருக்குப் புதிய டயாஃப்ரம் (அதனுள் இருக்கும் மெல்லிய ரப்பர்த் தாள்) போட்டால் வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய இரும்பு எழுதியது:

மரத்தூள் அவர்களே, தொகுப்பை இப்போது வாங்க வேண்டாம். கூரை ஒழுகும்போது பாயை மாற்றிப் போடுவதால் பயனில்லை. அந்தப் பிஸ்டன் எதனால் கீறியது என்று தெரியாதவரை, புதிதாகப் போடுவதும் அதே வழியில்தான் போகும்.

கீறல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் முதல் சாட்சி. புகை வெளியேறும் பக்கமே எஞ்சினில் அதிகம் சூடாகும் பக்கம். எரிபொருள் குறைந்து காற்று மிகுந்தாலோ, பெட்ரோலில் எண்ணெய் கலக்காமல் ஓட்டியிருந்தாலோ, சிலிண்டரின் குளிர்விப்புத் தகடுகளில் தூள் அடைத்துக்கொண்டாலோ, பிஸ்டன் முதலில் அங்கேதான் விரிந்து சுவரைப் பிடிக்கும். மாறாக, காற்று வடிகட்டி கிழிந்து தூசி உள்ளே போயிருந்தால், தேய்மானம் உள்ளிழுக்கும் பக்கத்தில், பிஸ்டனின் கீழ்ப்பகுதியில், பளபளப்பில்லாத சாம்பல் நிறத்தில் தெரியும். ஆகவே சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனை நான்கு பக்கமும் பார்த்துவிட்டு எழுதுங்கள். பிஸ்டனின் தலையில் என்ன முத்திரை இருக்கிறது என்பதையும் மறக்காமல் பாருங்கள்.

சிறுதிருகு எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நானும் இதே போன்ற ஒன்றைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். கிளட்சைக் கழற்ற முயன்றால் எஞ்சினும் சேர்ந்து சுற்றுகிறது. அதை எப்படி நிறுத்துவது?

நெம்புகோல் எழுதியது:

சிறுதிருகு, ஸ்பார்க் பிளக் துளை வழியாக மென்மையான கயிற்றைச் சிலிண்டருக்குள் திணித்து, அதன் மேல் பிஸ்டனை ஏற விடுங்கள். கயிறு மெத்தைபோல் நசுங்கி எஞ்சினைப் பூட்டிவிடும். ஆனால் கயிற்றைத் திணிக்கும் முன்பே பிஸ்டன் மேலேறி, புகை வெளியேறும் வாய் முழுவதும் மூடியிருக்க வேண்டும். வாய் திறந்திருக்கும்போது திணித்தால், அதற்குள் நுழைந்த கயிற்றின் மடிப்பைப் பிஸ்டன் விளிம்பு நறுக்கிவிடும். நறுக்கிய துண்டை எடுக்க அரை நாள் போகும். நுனியை முடிச்சுப் போட்டு வெளியே விட்டு வையுங்கள்.

அதைவிட முக்கியமானது திசை. இந்த ரம்பங்களில் பெரும்பாலானவற்றில் கிளட்ச் இடது மரையில் பூட்டப்பட்டிருக்கும், அதாவது கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். எஞ்சின் ஓட ஓடக் கிளட்ச் தானே இறுகிக்கொள்வதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். என்னுடைய முதல் ரம்பத்தில் இது தெரியாமல், இறுக்கமாக இருக்கிறதே என்று நீளமான குழாயை ஸ்பேனரில் மாட்டி எதிர்ப்புறம் இழுத்தேன். மரை உரிந்தது, கிளட்ச் பூட்டியிருக்கும் கிராங்க் தண்டும் போயிற்று. எதிர்ப்புறத்தில் ஃப்ளைவீலைப் பிடித்திருக்கும் நட்டு பெரும்பாலும் வழக்கமான வலது மரைதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மரத்தூள் எழுதியது:

பழைய இரும்பு அவர்கள் சொன்னபடி சிலிண்டரைக் கழற்றினேன். உள்ளிழுக்கும் பக்கத்தில் பிஸ்டனின் மேல் கடைசல் வரிகள் இன்னும் புதிதுபோல் தெரிகின்றன. ஆகவே தூசி காரணமல்ல. ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கண்டேன். பிஸ்டன் தலையில் தயாரிப்பாளரின் முத்திரை இல்லை, ஒரு அம்புக்குறியும் ஓர் எண்ணும் மட்டுமே இருக்கின்றன. சிலிண்டருக்கு அடியில் உள்ள கேஸ்கெட் புதிய தாள்போல் மடியாமல் இருக்கிறது. ஆனால் கிராங்க்கின் இரு புறமும் அதைச் சுற்றி அடைத்திருக்கும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல்கள் கறுப்புப் பளபளப்பு போய், நகத்தால் அழுத்தினால் அமுங்காமல், காய்ந்த புளியங்கொட்டைபோல் கெட்டியாக இருக்கின்றன.

பழைய இரும்பு எழுதியது:

முத்திரையில்லாத பிஸ்டன், புதிய கேஸ்கெட், பழைய சீல் என்றால், உங்களுக்கு முன்பே ஒருவர் இதைத் திறந்து, நீங்கள் செய்ய நினைத்ததையே செய்திருக்கிறார். பிஸ்டனை மாற்றினார், சீலைத் தொடவில்லை, ரம்பம் இரண்டாம் முறையும் சூட்டில் பிடித்துக்கொண்டது. நீங்கள் தொகுப்பை வாங்கியிருந்தால் இது மூன்றாம் முறையாக இருந்திருக்கும்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இரட்டை வீச்சு (டூ ஸ்ட்ரோக்) எஞ்சினில், பிஸ்டனுக்கு அடியில் உள்ள கிராங்க் அறையும் ஒரு பம்புதான். பிஸ்டன் மேலே போகும்போது அந்த அறையில் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரிலிருந்து எண்ணெய் கலந்த பெட்ரோலும் காற்றும் உள்ளே வருகின்றன. பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை அழுத்தப்பட்டுப் பக்கவாட்டுத் துளைகள் வழியாக மேலே ஏறுகிறது. ஆயில் சீலோ, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயோ, கேஸ்கெட்டோ கசிந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அளவில் சேராத கொஞ்சம் காற்று அந்த வழியாக நுழைகிறது. பெட்ரோலோடுதான் எண்ணெயும் வருகிறது என்பதால், பெட்ரோல் விகிதம் குறையும்போது சூடும் ஏறுகிறது, உயவும் குறைகிறது. ஓட்டுபவருக்கோ ரம்பம் வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக ஓடுவதுபோல்தான் தோன்றும். கெட்டுப்போவதற்குச் சற்று முன்புதான் அது மிக நன்றாக ஓடும்!

இப்போது செய்ய வேண்டியது கசிவுச் சோதனை. கீறிய பிஸ்டனையும் சிலிண்டரையும் அப்படியே திரும்பப் பூட்டுங்கள், சோதனைக்கு அவை போதும். சைலன்சருக்கும் சிலிண்டருக்கும் நடுவே ரப்பர்த் துண்டை வைத்து இறுக்கிப் புகை வெளியேறும் வாயை அடையுங்கள். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ரப்பர்க் குழாயின் வாயையும் அடையுங்கள். பிளக் துளையில் கைப்பம்பைப் பொருத்தி, பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, முதலில் 0.5 பார் அழுத்தம் கொடுங்கள். பிறகு அதே அளவு வெற்றிடம் இழுங்கள். கார்புரேட்டரின் எரிபொருள் பம்புக்குத் துடிப்பைக் கொண்டுபோகும் சிறு குழாய் தனியாக இருந்தால் அதையும் அடைக்க வேண்டும். இரண்டு சோதனைகளையும் செய்யுங்கள். அழுத்தச் சோதனை மட்டும் செய்துவிட்டுத் திருப்தியடைபவர்கள் நிறையப் பேர்.

கரித்தூள் எழுதியது:

சோதனை நடக்கட்டும். அதற்குள் ஒரு மாற்றுக் கருத்து: மாற்றுத் தொகுப்பே வேண்டாம், பழைய சிலிண்டரையே காப்பாற்றலாம். சுவரில் தெரிவது பெரும்பாலும் சிலிண்டரின் கீறல் அல்ல, பிஸ்டனிலிருந்து உரிந்து ஒட்டிய அலுமினியம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தடவினால் அலுமினியம் நுரைத்துக் கரைந்துவிடும். நான் பல சிலிண்டர்களை அப்படித்தான் மீட்டிருக்கிறேன்.

நெம்புகோல் எழுதியது:

கரித்தூள் அவர்களின் நோக்கம் சரி. அமிலத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. சுவரில் என்ன பூச்சு இருக்கிறது என்று தெரியாமல் அதைத் தொடக்கூடாது. நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த பூச்சு கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் பழைய ரம்பங்களில் குரோமியப் பூச்சுள்ள சிலிண்டர்கள் நிறைய உண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமியத்தையே கரைக்கும். காஸ்டிக் சோடாக் கரைசல் அலுமினியத்தைக் கரைக்குமே தவிர, குரோமியத்தையும் நிக்கலையும் தொடாது. மெதுவாக வேலை செய்யும், ஆனால் அந்த மெதுவே நமக்கு நல்லது.

எதைப் பயன்படுத்தினாலும் நுரையைக் கவனியுங்கள். ஒட்டிய அலுமினியம் இருக்கும்வரை நுரைக்கும், தீர்ந்ததும் அடங்கும். ஒரே புள்ளியில் மட்டும் அடங்காமல் நுரைத்துக்கொண்டே இருந்தால், அங்கே பூச்சு ஓட்டையாகி, அடியில் இருக்கும் சிலிண்டரின் சொந்த அலுமினியமே கரைகிறது என்று பொருள். உடனே கழுவிவிடுங்கள், அந்தச் சிலிண்டர் முடிந்தது. துளைகளின் உட்சுவர்களில் பூச்சு இருக்காது என்பதால் கரைசல் அங்கே வழியக்கூடாது. வெளிவருவது ஹைட்ரஜன், ஆகவே திறந்த வெளியில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல், கண்ணாடியும் கையுறையும் அணிந்து செய்யுங்கள். காஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். கரைத்து முடித்தபின் நுண்ணிய எமரித்தாளால் குறுக்கு மறுக்காக லேசாகத் தேய்த்து, சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்கும் நகம் சிக்கவில்லையென்றால் அதை நம்பிப் பூட்டலாம்.

கரித்தூள் எழுதியது:

குரோமியம் பற்றிய குறிப்பை ஏற்றுக்கொள்கிறேன். நான் மீட்டவை எல்லாம் 1980-களுக்குப் பிந்தைய நிக்கல் பூச்சு சிலிண்டர்கள் என்பதால் எனக்கு அந்த அடி விழவில்லை.

மரத்தூள் எழுதியது:

சோதனையை முடித்துவிட்டேன். 0.5 பார் அழுத்தத்தில் முள் ஒரு நிமிடம் அசையாமல் நின்றது. சோப்பு நீரைத் தடவியும் ஒரு குமிழி வரவில்லை. உண்மையைச் சொன்னால், பழைய இரும்பு அவர்கள் இரண்டு சோதனைகள் என்று எழுதியிருக்காவிட்டால் அத்தோடு நிறுத்தியிருப்பேன். வெற்றிடம் இழுத்ததும் பம்பிலிருந்து கையை எடுப்பதற்குள் முள் இறங்கிவிட்டது.

சோப்பு நீர் வெற்றிடத்தில் உதவாது என்பதால், கிராங்க்கைச் சுற்றி, சீலின் விளிம்பில், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்த்தேன். கிளட்ச் பக்கத்தில் எண்ணெய் அப்படியே நின்றது. ஃப்ளைவீல் பக்கத்தில் சொட்டு நடுவில் குழிந்து, சட்டென்று உள்ளே மறைந்தது. மறைந்த கணத்தில் இறங்கிக்கொண்டிருந்த முள் ஒரு நொடி தயங்கி நின்று, பிறகு மீண்டும் இறங்கியது. அதை மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அதேதான். அழுத்தத்தில் கசியாத சீல் வெற்றிடத்தில் மட்டும் ஏன் கசிகிறது என்று யாராவது விளக்க முடியுமா?

பழைய இரும்பு எழுதியது:

சீலின் உதடு உள்நோக்கி இருக்கிறது. உள்ளே அழுத்தம் கூடும்போது அது உதட்டைக் கிராங்க்கின் மேல் அழுத்திக் கசிவை அடைத்துவிடும். வெற்றிடம் அதையே கிராங்க்கிலிருந்து விலக்கி இழுக்கும். புதிய ரப்பர் நெகிழ்ந்து பிடித்துக்கொள்ளும், முதிர்ந்து இறுகிய ரப்பருக்கு அது இயலாது.

கிளட்ச் பக்கம் கசியவில்லை என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே வயது. பழைய சீலை எடுக்கும்போது கிராங்க்கின் மேல் கீறல் விழக்கூடாது, விழுந்தால் புதிய சீலும் அங்கேயே கசியும். பழையது எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று கழற்றும் முன்பே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ரப்பர்க் குழாயையும் கையால் வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது மூடியிருக்கும் வெடிப்பு, ரம்பத்தின் கைப்பிடி அசையும்போது மட்டும் திறந்துகொள்ளும் குணமுடையது.

வாள்பட்டறை எழுதியது:

எண்ணெய் விகிதம் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்பதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். பழைய கையேடுகளில் 16:1 என்றும் 20:1 என்றும் இருப்பதைக் கண்டு பலர் அப்படியே கலக்கிறார்கள். அவை அந்தக் காலத்துச் சாதாரண எஞ்சின் எண்ணெய்க்கு எழுதப்பட்டவை. காற்றால் குளிரும் எஞ்சின்களுக்கான இன்றைய தரமான இரட்டை வீச்சு எண்ணெயில் 40:1, அதாவது லிட்டருக்கு 25 மில்லி, பழைய ரம்பத்துக்குப் போதும். நீரால் குளிரும் படகு எஞ்சின்களுக்கான எண்ணெய் வேறு வகை. அதை இதில் ஊற்றக்கூடாது. இன்னொன்று, எண்ணெயைக் கூட்டினால் பாதுகாப்பு கூடும் என்று நினைத்து விகிதத்தை மாற்றுபவர்கள் கார்புரேட்டரையும் மறுபடி சரிசெய்ய வேண்டும், ஏனெனில் அதே ஊசித் துளை வழியாக வரும் திரவத்தில் எண்ணெய் கூடினால் பெட்ரோல் குறைகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலைத் தொட்டியில் விட்டு வைப்பது பழைய டயாஃப்ரத்துக்கும் குழாய்களுக்கும் ஆகாது, வேலை முடிந்ததும் வடித்துவிடுங்கள்.

சிறுதிருகு எழுதியது:

எல்லோரும் டயாஃப்ரம் என்கிறீர்கள். மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோல் மிதவை வைத்த கார்புரேட்டர் ஏன் இதில் இல்லை?

பழைய இரும்பு எழுதியது:

ஒரு காலத்தில் இருந்தது. மிதவை நிமிர்ந்து நின்றால்தான் வேலை செய்யும், ரம்பத்தையோ மரத்தை வீழ்த்தும்போது பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். மிதவை இருந்த காலத்தில், எஞ்சினை நிமிர்த்தி வைத்துக்கொண்டு வாளை (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகட்டை) மட்டும் திருப்பும்படி அமைத்தார்கள். ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1929-இல் செய்த பெட்ரோல் ரம்பம் 46 கிலோ எடை, இருவர் பிடித்து ஓட்ட வேண்டியது. 1949-இல் வந்த மெக்கலக் 3-25 ஏறத்தாழ 11 கிலோதான், ஒரே ஆள் தூக்கியது. அதையொட்டிய ஆண்டுகளில் டயாஃப்ரம் கார்புரேட்டர் பரவிய பிறகுதான் எந்தக் கோணத்திலும் பிடித்து அறுப்பது சாதாரணமாயிற்று. அது மெல்லிய ரப்பர்த் தாள் என்பதால் முதுமையில் விறைத்துவிடும். காதருகே வைத்து ஆட்டினால் காகிதம்போல் சலசலக்கிறதென்றால் மாற்ற வேண்டியதுதான்.

மரத்தூள் எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். இரண்டு சீல்களும் மாற்றியாயிற்று. சிலிண்டரைக் காஸ்டிக் சோடாவால் சுத்தம் செய்தேன். நுரை முற்றிலும் அடங்கியது, நகம் எங்கும் சிக்கவில்லை. ஆகவே பிஸ்டனும் ரிங்கும் மட்டுமே வாங்கினேன். பிஸ்டன் முள்ளைப் பிடித்திருக்கும் வளையக் கம்பியைப் பூட்டும்போது கிராங்க் அறையின் வாயைத் துணியால் மூடியிருந்தேன். நல்லவேளை, ஒரு கம்பி துள்ளிப்போய் அந்தத் துணியின் மேல்தான் விழுந்தது. ஈயக் கம்பியைப் பிளக் துளை வழியாக விட்டு நசுக்கி அளந்ததில், பிஸ்டன் தலைக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி 0.7 மி.மீ. வந்தது. கேஸ்கெட்டை எடுத்துவிட்டால் அழுத்தம் கூடும் என்று ஓர் ஆசை எழுந்தது, ஆனால் 0.5-க்குக் கீழே போய்விடுமோ என்று அதை அடக்கிக்கொண்டேன்.

மறுபடி வெற்றிடச் சோதனை செய்தேன். முள் நின்ற இடத்திலேயே நின்றது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அங்கேயே இருந்தது.

கார்புரேட்டரின் இரு திருகுகளையும் ஒரு சுற்று திறந்து வைத்துத் தொடங்கினேன். ஏழாவது இழுப்பில் உறுமியது. முழு வேகத்தில், சுமையில்லாமல் ஓடும்போது, கொரகொரவென்று கொஞ்சம் கனத்த ஒலி வரும்படி உயர்வேகத் திருகை நிறுத்தினேன். மரத்தில் இறக்கியதும் அந்தக் கொரகொரப்பு நீங்கி ஒலி சீராகிறது. அது சரிதானா?

கரித்தூள் எழுதியது:

மிகச் சரி. மரத்துக்கு வெளியிலேயே கொரகொரப்பு நீங்கிச் சுத்தமாகக் கீச்சிட்டால் எரிபொருள் போதவில்லை என்று பொருள். ஐடிலிங்கில் ரம்பத்தை இடது, வலது, மூக்கு கீழாக என்று சாய்த்துப் பாருங்கள். கோணத்துக்கு ஏற்ப வேகம் ஏறி இறங்கினால் இன்னும் எங்கோ கசிகிறது. ஐடிலிங்கில் சங்கிலி நகரவும் கூடாது.

வாள்பட்டறை எழுதியது:

வேலை நன்றாக வந்திருக்கிறது, பாராட்டுகள். ஆனால் ஒரு கேள்வி: இதில் சங்கிலி பிரேக் இருக்கிறதா? அது பரவத் தொடங்கியதே 1970-களில்தான். வாள் மூக்கின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் ரம்பம் முகத்தை நோக்கி எழும்பும். எஞ்சினைப் புதுப்பித்து ஐம்பது ஆண்டு பழைய ரம்பத்துக்கு முழு வலிமை கொடுத்துவிட்டு, அதை நிறுத்தும் வழி இல்லாமல் விடுவது எனக்கு உறுத்துகிறது. குறைந்தபட்சம், உதைப்பைக் குறைக்கும் வகைச் சங்கிலியையாவது போடுங்கள். வாங்கும் முன் சங்கிலியின் பிட்ச் (கண்ணி இடைவெளி) என்ன என்று அளந்துகொள்ளுங்கள்: அடுத்தடுத்த மூன்று ஆணிகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதி. வாளின் பள்ளத்து அகலம் 1.3, 1.5, 1.6 மி.மீ. என்று வேறுபடும், அதுவும் பொருந்த வேண்டும்.

மரத்தூள் எழுதியது:

பிரேக் இல்லை. முன்பக்கம் கைக்காப்பு கூட இல்லை, வெறும் குழாய்க் கைப்பிடிதான். ஆகவே இதை மரம் வீழ்த்தவோ கிளை கழிக்கவோ கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தாங்கியில் கட்டிவைத்த கட்டைகளை, மூக்கு எதிலும் படாதபடி துண்டு போடுவதற்கு மட்டும், மாதம் ஒருமுறை எடுப்பேன். உதைப்புக் குறைந்த சங்கிலியைத் தேடுகிறேன். பழைய சங்கிலியின் பிட்ச் 0.404 அங்குலம் வருகிறது, அந்த அளவில் அப்படிப்பட்டது கிடைக்குமா என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.

கரித்தூள் சொன்ன சோதனையையும் செய்தேன். எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒலி மாறவில்லை. கம்ப்ரஷன் இப்போது 150. கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்டால் ரம்பம் காற்றில் நின்று, அழுத்தம் கசியக் கசிய ஒவ்வொரு படியாக இறங்குகிறது.

பழைய இரும்பு எழுதியது:

0.404-இல் அப்படிப்பட்டதைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் கிராங்க்கிற்கு 3/8 அங்குலப் பிட்சில், சங்கிலியை ஓட்டும் பற்சக்கரம் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தினால் சக்கரம், வாள், சங்கிலி மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பல் பிடிக்காது. பழைய வாளையும் சங்கிலியையும் எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி எடுத்து வையுங்கள், ரம்பத்தோடு வந்தவை அவை.

மரத்தூள் எழுதியது:

அப்படியே செய்கிறேன். வாளுக்கு எண்ணெய் ஊட்டும் பம்பு இரவெல்லாம் மேசையில் சொட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.